வெறுங்கால் வழியே வரும் நூற்புழு

(வானொலி உழவர் நிகழ்ச்சியில் பாலக்கோடு வட்டார வேளாண்மை அலுவலர் ஒருவர் ஆற்றிய பேச்சின் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்த நேரத்தில் தக்காளிக்கு உரம், மாவுக்குக் கவாத்து, கேழ்வரகுக்கு விதை நேர்த்தி என்று ஏதாவது சொல்லிவிட்டுப் போவேன். இன்றைக்குப் பேசப் போவது பயிரைப் பற்றி அல்ல, பயிர் வைக்கிற உங்களைப் பற்றி. "வேளாண்மை ஆபீசருக்கு டாக்டர் வேலை எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். நான் டாக்டர் இல்லை. வைத்தியம் சொல்லவும் வரவில்லை. ஆனால் இது மண்ணிலிருந்து வருகிற சங்கதி. மண்ணைப் பற்றிப் பேசுவது என் வேலை. அதோடு, நான் செய்த ஒரு தவறும் இதில் இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடப் போகிறேன்.

தக்காளி வேரில் பார்த்ததுதான்

பாலக்கோடு, மாரண்டஅள்ளி பக்கத்தில் தக்காளி போடுகிறவர்களுக்கு நூற்புழுவைத் தெரியாமல் இருக்காது. செடி மதிய வெயிலில் துவண்டு நிற்கும். பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் மணி மணியாக முடிச்சு. வேர்முடிச்சு நூற்புழு. கண்ணுக்குத் தெரியாது. மண்ணிலேயே கிடக்கும். தக்காளி வந்தால் வேரில் ஏறிக்கொள்ளும். செடி திடமாக இருந்து, தண்ணீரும் உரமும் தவறாமல் கிடைத்தால், புழு இருந்தும் ஓரளவு காய்க்கும். செடி எப்போது இளைக்கிறதோ அப்போது புழு கை ஓங்கும். அது மட்டுமா? புழு துளைத்த காயத்தின் வழியே வாடல் நோய்க் கிருமியும் உள்ளே நுழையும். அப்புறம் செடியைப் பிழைக்க வைப்பது கஷ்டம். செண்டுமல்லியை மாற்றுப் பயிராகப் போடுங்கள், வேப்பம் புண்ணாக்கு இடுங்கள் என்று நாங்கள் சொல்வதெல்லாம் இதற்காகத்தான்.

இந்த நூற்புழுவுக்கு ஒரு பங்காளி இருக்கிறது. அது செடியின் வேரில் ஏறாது. மனிதனின் காலில் ஏறும். அதன் பெயர் 'ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ்'. வாயில் நுழையாத பெயர்தான். இந்தப் பேச்சு முடிகிறவரை 'குடல் நூற்புழு' என்று சொல்லிக்கொள்வோம். 1876ஆம் ஆண்டு பிரெஞ்சு நாட்டு மருத்துவர் லூயி நார்மண்ட் என்பவர், வியட்நாம் பக்கத்திலிருந்து வயிற்றுப்போக்கோடு திரும்பிய படைவீரர்களிடம் இதை முதலில் கண்டுபிடித்தார்.

உள்ளே வருவது எப்படி?

இந்தப் புழு இருக்கிற ஒருவர் வெளிக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரப்பு ஓரம், ஓடைக்கரை, மரத்தடி. மலத்தோடு இளம்புழுக்கள் மண்ணில் விழும். ஈரமும் சூடும் நிழலும் உள்ள மண்ணில் சில நாளில் அவை ஆளைப் பிடிக்கிற பருவத்துக்கு வந்துவிடும். அங்கே நீங்கள் வெறுங்காலோடு நடக்கிறீர்கள், அல்லது கையால் மண்ணை அள்ளுகிறீர்கள். தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். காயம் இருக்க வேண்டும் என்பது கூட இல்லை. அந்த இடத்தில் கொஞ்சம் அரிக்கும், அவ்வளவுதான். கழனி வேலை செய்கிறவனுக்குக் காலில் அரிப்பு ஒரு சேதியா? சொறிந்துகொண்டு வேலையைப் பார்ப்போம்.

உள்ளே போன புழு இரத்தத்தோடு நுரையீரலுக்குப் போகிறது. அங்கிருந்து மூச்சுக்குழாய் வழியாகத் தொண்டைக்கு ஏறுகிறது. எச்சிலோடு நாம் அதை விழுங்கிவிடுகிறோம். கடைசியில் சிறுகுடலில் குடியேறுகிறது. அங்கே இருப்பதெல்லாம் பெண் புழுதான். 2 மில்லிமீட்டர் நீளம் இருக்கும், தலைமுடியைவிடச் சன்னம். ஆண் இல்லாமலே முட்டையிடும்.

இதுவரைக்கும் கொக்கிப்புழுவும் ஏறக்குறைய இப்படித்தான். ஆனால் கொக்கிப்புழு சில ஆண்டுகள் இருந்துவிட்டுச் செத்துப்போகும். புதிதாகத் தொற்றினால்தான் உண்டு. குடல் நூற்புழு அப்படி இல்லை. அதன் குஞ்சுகளில் சில, வெளியே போகாமல் குடலுக்குள்ளேயே முற்றிவிடும். முற்றியவை குடல் சுவரைத் துளைத்து மறுபடியும் இரத்தத்தில் இறங்கி, நுரையீரல் சுற்றிக் குடலுக்கே வந்து சேரும். நாம் விதைக்காமலே கொல்லையில் விழுந்த விதை ஆண்டாண்டுக்கு முளைக்கிறதே, அதுபோல. ஒரு தடவை ஏறினால், வைத்தியம் செய்துகொள்ளாத வரை வாழ்நாள் முழுக்க உள்ளேயே வம்சம் வளர்க்கும்.

எத்தனை ஆண்டு இருக்கும்?

இதற்கு ஒரு சரித்திரச் சான்று உண்டு. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்கு இரயில் பாதை போட்டார்கள். 1942, 1943ஆம் ஆண்டுகளில். மலேயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்களைப் பிடித்துப்போய் அங்கே வேலை வாங்கினார்கள். சயாம் மரண இரயில் என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அதே காட்டில் பிரிட்டிஷ் போர்க் கைதிகளும் சேற்றில் வேலை செய்தார்கள். போர் முடிந்து ஊர் திரும்பிய அந்தப் பிரிட்டிஷ்காரர்களை லிவர்பூல் நகரத்து வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் பல ஆண்டுகள் சோதித்துப் பார்த்தார்கள். 2072 பேரில் 248 பேருக்கு இந்தப் புழு இருந்தது. அவர்கள் ஊரோ குளிர் நாடு. புதிதாகப் புழு ஏற வழியே இல்லை. காட்டில் ஏறிய புழு முப்பது, நாற்பது ஆண்டு கழித்தும், அதற்கு மேலும்கூட, உடம்பில் இருந்திருக்கிறது.

அங்கே செத்துப்போன நம் தமிழ்க் கூலிகள் எத்தனை பேர் என்பதற்கே சரியான கணக்கு இல்லை. பிழைத்து வந்தவர்களின் வயிற்றைச் சோதிக்க யார் இருந்தார்கள்?

அப்படியென்றால் இத்தனை ஆண்டு அந்தப் புழு என்ன செய்கிறது? பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. நம் உடம்பில் நோய் எதிர்ப்புச் சக்தி என்று ஒரு காவல்காரன் இருக்கிறான். அவன் புழுவை அடியோடு ஒழிக்கமாட்டான். ஆனால் தலை தூக்கவிடாமல் அடக்கி வைத்திருப்பான். எப்போதாவது வயிற்று வலி, எப்போதாவது இருமல். சில பேருக்கு இடுப்பிலோ தொடையிலோ சிவப்புக் கோடு போல ஒரு தடிப்பு வந்து, மணிக்கணக்கில் நகர்ந்துபோய், தானே மறைந்துவிடும். "பூரான் ஓடிடுச்சு" என்று விட்டுவிடுவோம்.

காவல்காரனுக்குத் தூக்க மருந்து கொடுத்தால்தான் ஆபத்து.

என் வீட்டில் நடந்தது

இப்போது என் சொந்தக் கதைக்கு வருகிறேன். என் அக்கா வீட்டுக்காரர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், 34 வயது வரைக்கும் சின்னாற்றுப் பாசனத்தில் கரும்பும் நெல்லும் வைத்த விவசாயி. தண்ணீர் கட்ட, சோகை உரிக்க, நாற்று எடுக்க எல்லாமே வெறுங்கால்தான். அப்புறம் கிணறு வற்றி, கடன் ஏறி, நிலத்தை விற்றுவிட்டு ஓசூருக்குப் போய் மளிகைக் கடை வைத்தார். கடை நன்றாகத்தான் நடந்தது. சர்க்கரை வியாதி வந்தது. அதைக் கவனிக்காமல் விட்டதில் இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போயின. இரண்டு ஆண்டு டயாலிசிஸ். கடைசியில் என் அக்காவே தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுப்பது என்று முடிவாயிற்று.

சிறுநீரக மாற்று அறுவை நமக்குப் புதிது இல்லை. இந்தியாவிலேயே முதன்முதலில் வெற்றியாக நடந்தது நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், 1971ஆம் ஆண்டில். இன்றைக்கு முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலேயே ஏழைகளுக்கும் செய்கிறார்கள். ஆனால் ஒன்று. அடுத்தவர் உறுப்பை நம் உடம்பு ஏற்காது. அந்தக் காவல்காரன் அதை வெளியாள் என்று நினைத்து அடித்துத் துரத்தப் பார்ப்பான். ஆகவே அவனை அடக்கி வைக்க வாழ்நாள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டும். ஸ்டீராய்டு மாத்திரை அதில் ஒன்று. உறுப்பு நிலைக்க இதைத் தவிர வழி இல்லை.

ஒரு பெரிய ஊர் மருத்துவமனையில் அறுவைக்குச் சேர்த்தோம். நிறையப் படிவங்கள். மாமாவுக்குக் கண் மங்கல், அக்காவுக்குப் பதற்றம். நான்தான் உட்கார்ந்து எல்லாம் நிரப்பினேன். 'தொழில்' என்று ஒரு கட்டம் இருந்தது. 'மளிகை வியாபாரம்' என்று எழுதினேன். பொய் இல்லை. ஆனால் பாதி உண்மை. கல்லூரியில் நூற்புழுவுக்கென்று தனிப் பாடம் படித்துப் பட்டம் வாங்கியவன் நான். இந்த மனுஷன் பதினைந்து, இருபது ஆண்டு சேற்றில் நின்றவர் என்பது தெரிந்தவனும் நான். அந்தக் கட்டத்தில் 'முன்பு விவசாயம்' என்று இரண்டு வார்த்தை சேர்க்க எனக்குத் தோன்றவில்லை.

அறுவை நன்றாக முடிந்தது. அக்காவின் சிறுநீரகம் மாமாவுக்குள் வேலை செய்யத் தொடங்கியது. இரண்டாவது மாதம் வயிற்று வலி என்றார். மாத்திரைச் சூடு என்று வயிற்றுப் புண்ணுக்கு மருந்து கொடுத்தார்கள். வயிறு உப்பியது, வாந்தி. பிறகு இருமல், மூச்சு இரைப்பு. அதன் பிறகு குளிர் காய்ச்சல். தொப்புளைச் சுற்றி ஊதா நிறத்தில் புள்ளி புள்ளியாகத் தடிப்பு. மனுஷன் படுத்த படுக்கையாகிவிட்டார். அக்கா என்னிடம் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது: "என் கிட்னி போனாப் போவட்டும்டா, அவரு பொழச்சா போதும்."

அன்று இரவு பணியில் இருந்த ஓர் இளம் டாக்டர் கட்டிலருகில் உட்கார்ந்து கேட்டார்.

"ஐயா, கடை வைக்கிறதுக்கு முன்னாடி என்ன செஞ்சீங்க?"

"வெவசாயந்தான்."

"செருப்பு போட்டுக்கிட்டா?"

மாமா அந்த நிலையிலும் சிரித்தார். "கழனியில எவன் சாமி செருப்பு போடுவான்?"

மறுநாள் காலையில் மலத்தையும் சளியையும் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். இரண்டிலும் புழு நெளிந்துகொண்டிருந்தது. நிலத்தை விட்டு வந்து இருபது ஆண்டு ஆகிவிட்டது. புழு விடவில்லை.

என்ன நடந்தது என்று அந்த டாக்டர் எனக்கு விளக்கினார். மாத்திரையால் காவல்காரன் அடங்கியதும் நூறாக இருந்த புழு ஆயிரமாக, பல்லாயிரமாகப் பெருகிவிட்டது. அத்தனையும் குடலைத் துளைத்து நுரையீரலுக்கும் மற்ற உறுப்புகளுக்கும் ஓடியது. போகும்போது குடலில் இருக்கிற கிருமிகளையும் இரத்தத்துக்குள் இழுத்துக்கொண்டு போயிற்று. சில பேருக்கு மூளைக் காய்ச்சல் வரைக்கும் போய்விடும். தக்காளி வேரில் நூற்புழு போட்ட ஓட்டையில் வாடல் கிருமி ஏறுவதைச் சொன்னேனே, அதேதான். கண்டுபிடிக்காமல் விட்டால் இந்த நிலையிலிருந்து பிழைப்பவர்கள் மிக அரிது. வைத்தியம் செய்தும் பலர் தவறிவிடுகிறார்கள்.

மாமா மூன்று வாரம் போராடிப் பிழைத்தார். அக்காவின் சிறுநீரகமும் பிழைத்தது. இதில் மருத்துவமனையைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. கேட்ட கேள்விக்குப் பாதி பதில் எழுதிய பேனா என் கையில் இருந்தது.

நம் பக்கத்தில் இது உண்டா?

உலகம் முழுவதும் 30 கோடியிலிருந்து 60 கோடிப் பேர் வரை இந்தப் புழுவோடு இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கணிக்கிறது. நம் தமிழ்நாட்டுக் கணக்கும் ஒன்று இருக்கிறது. காஞ்சிபுரம் மாவட்டத்துக் கிராமங்களில் எந்தத் தொந்தரவும் இல்லாமல் நடமாடிக்கொண்டிருந்த 2351 பேரின் இரத்தத்தைச் சோதித்தார்கள். 2022ஆம் ஆண்டு வெளியான ஆய்வு. ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இரத்தத்தில் இந்தப் புழுவின் அடையாளம் இருந்தது. அடையாளம் இருந்தால் எல்லார் வயிற்றிலும் இப்போது புழு இருக்கிறது என்று பொருள் இல்லை. பழைய தொற்றாகவும் இருக்கலாம். ஆனாலும் அந்த ஊர் மண்ணும் நம் ஊர் மண்ணும், அவர்கள் காலும் நம் காலும் வேறு வேறா? யோசித்துப் பாருங்கள்.

இதைக் கேட்டுப் பயந்து நடுங்க வேண்டாம். நல்ல திடத்தோடு இருக்கிறவருக்கு இந்தப் புழுவால் உயிருக்கு ஆபத்து வருவது அரிது. ஆபத்து எல்லாம் காவல்காரனை அடக்குகிற மருந்து உள்ளே போகும்போதுதான்.

இப்படி ஒளிந்திருந்து பின்னால் தலை தூக்குவது இது ஒன்று மட்டும் இல்லை. பூனை மலத்திலிருந்தும், சரியாக வேகாத கறியிலிருந்தும் வருகிற 'டாக்சோபிளாஸ்மா' என்ற ஒட்டுண்ணியும் தசையிலும் மூளையிலும் பல ஆண்டு உறங்கிக் கிடக்கும். புழு இனம் இல்லை என்றாலும், காசநோய்க் கிருமியும் அப்படியே. ஆனால் விவசாயிக்கு முதலில் சொல்ல வேண்டியது குடல் நூற்புழு. ஏனென்றால் அது நம் தொழிலோடு வருகிறது.

மாற்று அறுவைக்காரருக்கு மட்டுமா?

"எங்க வீட்டில் யாருக்கும் கிட்னி மாற்றவில்லை, நமக்கு என்ன?" என்று ரேடியோவை மூடிவிடாதீர்கள். உங்கள் வீட்டுக்கு வருகிற வாசல் இனிமேல்தான் சொல்லப் போகிறேன்.

ஸ்டீராய்டு மருந்தை டாக்டர்கள் பல நோய்க்குக் கொடுக்கிறார்கள். ஆஸ்துமா, முடக்குவாதம், சில தோல் நோய்கள், சிலவகைப் புற்றுநோய். அது நல்ல மருந்து, உயிர் காக்கிற மருந்து. 2020ஆம் ஆண்டு கொரோனாவில் மூச்சுத் திணறியவர்களின் உயிரை 'டெக்சாமெத்தசோன்' என்ற ஸ்டீராய்டு காப்பாற்றுகிறது என்று நிரூபணமானது. அப்போதே, மண்ணில் வேலை செய்யும் நாட்டு மக்களுக்குக் கொடுக்கும்போது குடல் நூற்புழுவை மறந்துவிடாதீர்கள் என்று மருத்துவ உலகில் எச்சரித்தார்கள்.

டாக்டர் அளவு பார்த்துக் கொடுப்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் இருக்கிறது. நம் தருமபுரி மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது ஊரறிந்த சங்கதி. 2013ஆம் ஆண்டு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்த பிறகும், பழைய தண்ணீர் குடித்த எலும்பு பழைய எலும்புதானே? முழங்கால் வலி, இடுப்பு வலி என்று நாற்பது வயதிலேயே உட்காருகிறவர்கள் எத்தனை பேர்! அவர்கள் என்ன செய்கிறார்கள்? கடையில் போய், "மேல் வலிக்குக் கலர் மாத்திரை நாலு கொடுப்பா" என்கிறார்கள். அல்லது படிக்காத வைத்தியரிடம் "ஒரே ஊசியில் எழுந்து நடக்கணும்" என்கிறார்கள். எழுந்து நடக்கவும் செய்கிறார்கள். அந்த மாத்திரையிலும் ஊசியிலும் ஸ்டீராய்டு இருக்கலாம். இவருக்கு அது தெரியாது. மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் சாப்பிடுவார். வலி மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஸ்டீராய்டு காவல்காரனைப் படுக்க வைக்கும். உள்ளே புழு இருந்தால் கேட்க வேண்டுமா?

ஆகவே சீட்டு இல்லாமல் கடை மாத்திரை வாங்குவதை விடுங்கள். ஏற்கனவே பல மாதமாகச் சாப்பிடுகிறவர்கள், இதைக் கேட்டதும் நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள். பல நாள் எடுத்த ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தினால் அதுவும் உயிருக்கு ஆபத்து. மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அவர்கள் படிப்படியாகக் குறைத்துக் கொடுப்பார்கள்.

டாக்டரிடம் என்ன சொல்ல வேண்டும்?

உறுப்பு மாற்று அறுவை என்றாலும், பல நாள் ஸ்டீராய்டு என்றாலும், தொடங்குவதற்கு முன்பே இதைச் சொல்லுங்கள்: "ஐயா, நான் வெறுங்காலில் மண் மிதித்த விவசாயி. எனக்கு ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் புழு இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமா?" பெயர் வாயில் வராவிட்டால் ஒரு துண்டுத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விவசாயத்தை விட்டு எத்தனை ஆண்டு ஆனாலும் சொல்லுங்கள். பெங்களூரிலும் திருப்பூரிலும் கம்பெனி வேலை செய்கிற உங்கள் பிள்ளைகளும் சொல்ல வேண்டும். சின்ன வயதில் கொல்லையில் ஓடித் திரிந்த கால்தானே அது?

மலச் சோதனை ஒரு தடவை செய்து 'இல்லை' என்று வந்தால் அதோடு முடிந்தது என்று நினைக்க வேண்டாம். இந்தப் புழு தினமும் மலத்தில் வராது, வந்தாலும் கொஞ்சம்தான். பல நாள் மலத்தைச் சோதிக்க வேண்டியிருக்கும். இரத்தத்திலும் ஒரு சோதனை உண்டு. எது வேண்டும் என்று டாக்டர் முடிவு செய்வார்.

புழு இருந்தால் மருந்து இருக்கிறது. அதுவும் எளிய மருந்து. பெயர் ஐவர்மெக்டின். ஆட்டுக்கும் மாட்டுக்கும் குடற்புழுவுக்குப் போடுவதால் உங்களுக்குத் தெரிந்த பெயர்தான். ஜப்பான் நாட்டில் சத்தோஷி ஓமுரா என்ற விஞ்ஞானி எடுத்த ஒரு பிடி மண்ணில் இருந்த நுண்ணுயிரிலிருந்து கிடைத்தது அது. அவருக்கும் வில்லியம் கேம்பல் என்பவருக்கும் 2015ஆம் ஆண்டு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. புழுவும் மண்ணிலிருந்து வந்தது, மருந்தும் மண்ணிலிருந்து வந்தது பாருங்கள். முன்கூட்டியே கண்டுபிடித்தால் டாக்டர் எடைக்குத் தகுந்தபடி சில வேளை மாத்திரை கொடுப்பார், அவ்வளவுதான். பெருகிய பிறகு என்றால் மாமாவைப் போல வாரக்கணக்கில் தீவிர சிகிச்சை.

ஆனால் ஒரு எச்சரிக்கை. வீட்டில் மாட்டுக்கு வாங்கிய பாட்டில் இருக்கிறதே என்று யாரும் அதை எடுத்துக் குடிக்க வேண்டாம். மாட்டு மருந்தின் அளவு வேறு, கூட்டுப்பொருள் வேறு. கர்ப்பிணிகளும் சின்னக் குழந்தைகளும் டாக்டர் சொல்லாமல் மனித மாத்திரையைக்கூடத் தொடக்கூடாது. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற குடற்புழு மாத்திரை அல்பெண்டசோல். மற்றப் புழுக்களுக்கு அது மிக நல்லது, தவறாமல் கொடுங்கள். ஆனால் அந்த ஒரு வேளை மாத்திரையை நம்பி, குடல் நூற்புழு போய்விட்டது என்று இருக்க முடியாது. இந்தப் புழு அதிகம் உள்ள ஊர்களில் மக்கள் அனைவருக்கும் ஐவர்மெக்டின் கொடுக்கலாம் என்று 2024ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரை செய்திருக்கிறது.

கொடுக்கிறவரும் சொல்ல வேண்டும்

உறுப்பைத் தானம் செய்கிறவர் உடம்பில் புழு இருந்தால், அந்த உறுப்போடு அது வாங்குகிறவருக்குப் போய்ச் சேர்ந்ததும் உண்டு. என் அக்காவும் சேற்றில் நாற்று நட்டவள்தான். மாமாவுக்குக் கண்டுபிடித்த பிறகு அவளையும் சோதித்து மருந்து கொடுத்தார்கள். ஆகவே கொடுக்கிறவரும் தம் தொழிலைச் சொல்லிச் சோதித்துக்கொள்வது நல்லது. இதற்காக உறுப்பு தானம் செய்யப் பயப்படாதீர்கள். புழுவுக்கு மருந்து உண்டு. கெட்டுப்போன சிறுநீரகத்துக்கு அந்தத் தானத்தைத் தவிர நிரந்தர வழி வேறு கிடையாது.

மாற்று அறுவை செய்துகொண்டவர் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் அவருக்கு ஒரு வார்த்தை. புழுவுக்குப் பயந்து உங்கள் மாத்திரையில் ஒன்றைக்கூட நீங்களாகக் குறைக்காதீர்கள். குறைத்தால் உறுப்பு போய்விடும். வயிற்று வலி, வாந்தி, இருமல், காய்ச்சல் எது வந்தாலும் அன்றைக்கே அறுவை செய்த இடத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.

மண்ணில் நாம் செய்ய வேண்டியது

வேர்முடிச்சு நூற்புழுவை மண்ணில் ஒழிப்பதுபோல இதையும் மண்ணிலேயே தடுக்க வேண்டும். அதற்கு முதல் வேலை கழிப்பறை. கட்டிய கழிப்பறையில் வறட்டியும் தட்டும் அடுக்கி வைத்துவிட்டு ஓடைக்குப் போகிற பழக்கம் இன்னும் சில ஊரில் இருக்கிறது. ஒரு வீட்டார் ஓடைக்குப் போனால் அந்த வரப்பில் நடக்கிற நாலு வீட்டுக் காலுக்கும் அது வினை.

இரண்டாவது, செப்டிக் டாங்கு கழிவை லாரியில் கொண்டுவந்து கொல்லையில் கொட்டச் சொல்லி, "நல்ல உரம்" என்று சிலர் வாங்குகிறார்கள். பச்சையாகக் கொட்டுவது தவறு. புழு, கிருமி எல்லாம் உங்கள் மண்ணுக்கு விலைக்கு வருகிறது. இரட்டைக் குழிக் கழிப்பறையாக இருந்தால், நிறைந்த குழியை மூடி இரண்டு ஆண்டு விட்டு, நன்றாக மக்கி மண்ணான பிறகு எடுங்கள்.

மூன்றாவது செருப்பு. நெல் கழனிச் சேற்றில் செருப்பு நிற்காது என்பது எனக்கும் தெரியும். முழங்கால் வரை வருகிற ரப்பர் பூட்சு கனமாக இருக்கும். பழக நாலு நாள் ஆகும். ஆனால் சொட்டு நீர்த் தக்காளியிலும், மாந்தோப்பிலும், மல்பெரிக் கொல்லையிலும், வரப்பிலும் செருப்பு போட என்ன தடை? தொட்டி மண், எரு அள்ளும்போது கையுறை போடுங்கள். வேலை முடிந்ததும் கால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, ஈரமில்லாமல் வையுங்கள். கழுவினால் மட்டும் புழு ஏறாது என்று சொல்லமாட்டேன். தோலில் ஏற அதற்கு அதிக நேரம் தேவையில்லை. கழுவுவது நல்லது, செருப்பு அதைவிட நல்லது.

தாய்மார்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். களை எடுப்பதும் நாற்று நடுவதும் உங்கள் கையிலும் காலிலும்தான் நடக்கிறது. ஆம்பிளைக்கு முதலில் செருப்பு, பிள்ளைக்கு அடுத்த செருப்பு, நமக்கு அப்புறம் பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

மறுபடியும் ஒரு தடவை

சொன்னதைச் சுருக்கிச் சொல்கிறேன். காலில் ஏறுகிற குடல் நூற்புழு ஆயுள் முழுக்க உள்ளே இருக்கும். உடம்பு திடமாக இருக்கிறவரை அடங்கி இருக்கும். உறுப்பு மாற்று மாத்திரையோ ஸ்டீராய்டோ உள்ளே போனால் உயிரைக் குடிக்கும் அளவுக்குப் பெருகும். முன்பே சோதித்தால் சில மாத்திரையில் போய்விடும். சோதிக்க வேண்டும் என்று டாக்டருக்குத் தோன்ற வேண்டுமானால், நீங்கள் விவசாயி என்பது அவருக்குத் தெரிய வேண்டும். அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். விவசாயி என்று சொல்வதில் வெட்கம் எதற்கு?

மாமா இப்போது நன்றாக இருக்கிறார். போன பொங்கலுக்கு ஊருக்கு வந்தார். விற்ற நிலத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்றார். காரிலிருந்து இறங்கும்போது பழைய ஞாபகத்தில் செருப்பைக் கழற்றப் போனார். என் அக்கா ஒரு பார்வை பார்த்தாள். மனுஷன் மறுபடியும் மாட்டிக்கொண்டு வரப்பில் நடந்தார்.

நீங்களும் மாட்டிக்கொண்டே நடங்கள்.